ஒன்பது தரம் சொன்ன பல்லி

இந்தக் கதையில் வயிறு குலுங்கச் சிரிக்க ஓர் இடம் உண்டு. ஆனால் இப்போதே சிரிக்கக் கூடாது. முதலில் பாடம் முடியட்டும்.

குளக்கரைக் கோயில் மதிலோர எருக்கஞ்செடியில் பக்தவச்சலம் என்ற கும்பிடுபூச்சி குடியிருந்தார். மகள் பூரணிக்குப் பருவ வயது. "வெளிப் பள்ளிக்கூடத்துல வண்டுங்க கையை வீசிக்கிட்டுத் திரியுதுங்க! நீ கெட்டுப் போயிடுவே!" என்று வீட்டிலேயே பாடம் நடத்தினார்.

காலையில் கைகூப்பிப் பிரார்த்தனை. பிறகு கைகூப்பியபடியே கணக்கு. மாலையில் கண்ணை மூடிக்கொண்டு பூகோளம்.

"கணக்குன்னா கையை விரிச்சு அதுல இருக்கிற முள்ளை எண்ணணுமேப்பா!"

"கூப்பின கையைப் பிரிக்காதே! மனசுக்குள்ள எண்ணு!"

பொறுங்கள், இன்னும் சிரிக்க வேண்டாம்.

பல்லி கும்பிடுபூச்சியைத் தின்னும். அது பக்தவச்சலத்துக்கும் தெரியும். ஆனாலும் மதிலில் பல்லி சொன்னால் அவருக்குத் தெய்வ வாக்கு! மூன்று தரம் சொன்னால் கணக்கு ஆகாது. ஐந்து தரம் சொன்னால் பூகோளமும் ஆகாது. ஒன்பது தரம் சொன்னால் இடத்தையே காலி செய்ய வேண்டும்.

பூரணிக்கோ எந்தக் குரலும் வரும். தினமும் இலைக்குப் பின்னால் ஒளிந்து, "த்ச்! த்ச்! த்ச்!" என்பாள்.

"ஆகா, இன்னிக்கும் கணக்கு ஆகாதாம்!" என்பார் அப்பா.

ஒருநாள் அவள் வாயைத் திறக்கும் முன்பே "த்ச்!" என்று கேட்டது. எட்டிப் பார்த்தாள். நிஜப் பல்லி! அப்பாவுக்கு ஒரு சாண் தூரத்தில்!

"அப்பா, ஓடுங்க!"

"தெய்வம் பேசும்போது குறுக்கே பேசாதே!" அவர் கண்ணை மூடிக் கும்பிட்டார். பல்லி வாயைப் பிளந்தது.

பூரணி பல்லிக் குரலில் ஒன்பது தரம் சொல்லத் தொடங்கினாள். ஆனால் கணக்கில் ஐந்துக்கு மேல் எண்ணப் பாடமே நடக்கவில்லையே! ஒன்பது எங்கே முடியும்? நிறுத்தாமல் சொன்னாள்.

"ஏழா? எட்டா? மனசுக்குள்ள நிக்க மாட்டேங்குதே!" என்று தவித்த பக்தவச்சலம், எண்ணுவதற்காகக் கையைப் படாரென்று விரித்தார்.

"ஐயோ! கும்பிடுற கைன்னு நினைச்சேன், ரம்பமால்ல இருக்கு!" பல்லி வாலைப் போட்டுவிட்டு ஓடியே போனது.

"த்ச்! த்ச்! த்ச்!"

பக்தவச்சலம் கண்ணைத் திறந்தார். துடிக்கிற வாலைப் பார்த்தார். "பல்லி போயிடுச்சு. அப்புறம் வாலா பேசுது?"

மெல்ல இலைப் பக்கம் திரும்பினார்.

"அடியே பூரணீ!"

இப்போது சிரிக்கலாம்.

கும்பிடத் தெரிந்த கைக்கு எண்ணவும் தெரிந்திருக்க வேண்டும்.