உறைக்கு ஒரு கரண்டி

"வருமானம் போதலம்மா" என்றார் ஆவுடைநாயகம். "இன்னும் நாலு காசு கூட வர ஒரு வழி சொல்லுங்க."

மலையடிவாரத்து மடத்தில் அந்த அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். காவி கட்டியிருந்தாலும் வயது முப்பத்தைந்துக்கு மேல் இருக்காது. கேட்டவருக்கு ஐம்பது. கல்யாணச் சமையலில் அவர் பேரைச் சொன்னால் சுற்றுவட்டாரத்தில் தெரியாதவர் கிடையாது.

"போன வருசத்துக்கு இந்த வருசம் கூடலையா?"

"கூடிச்சும்மா. ரெண்டு பங்கு கூடிச்சு."

"அப்புறம் என்ன?"

"ஆனி வரைக்கும் ராசா மாதிரிதான் இருக்கேன். ஆடி பொறந்தா முகூர்த்தம் கிடையாது. அடுப்புல பூனை தூங்குது."

மனிதர் குடிகாரர் இல்லை. சீட்டாடுகிறவரும் இல்லை. கையில் காசு வந்தால் வீட்டில் தினம் திருவிழா, அவ்வளவுதான். ஆனி மாதம் அவர் வீட்டு வாசலில் செருப்பு விட இடம் இருக்காது. யார் எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்ல அந்த வாய்க்குத் தெரியாது.

"போன ஆடியில பொஞ்சாதியும் மகளும் மச்சினன் வீட்டுல போய் இருந்தாங்கம்மா. எம் மக தட்டை ஏந்திக்கிட்டு அடுக்களை வாசல்ல நின்னுருக்கா. அத்தைக்காரி முகத்தைச் சுளிச்சுக்கிட்டே சோறு போட்டுருக்கா." அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஊருக்கே சோறு போடுதவன் மக. இந்த ஆடிக்கு இன்னும் ஆறே நாள்தான் இருக்கு."

"கொஞ்சம் எடுத்து வச்சிருக்கலாமே?"

"மிஞ்சினாத்தானம்மா எடுத்து வைக்க?"

அம்மா ஒரு தண்டை ஒடித்துப் போட்டார். "மூணு நாள் இங்க சமைங்க. மலைக்குப் போற சனத்துக்கு மத்தியானம் தயிர்சோறு போடணும்."

கேட்டது ஒன்று, சொன்னது ஒன்று. ஆவுடைநாயகத்துக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனாலும் அடுப்பைப் பார்த்துவிட்டால் அவருக்குக் கை சும்மா இருக்காது.

சாயங்காலம் பாலைக் காய்ச்சி இறக்கிவிட்டு, "உறை எங்கம்மா இருக்கு?" என்றார்.

"இல்லையே."

"மடத்துல உறைமோர் இல்லாமலா!"

கிண்ணத்தை எடுத்துக்கொண்டு ஊருக்குள் இறங்கினார். விளக்கு வைத்துவிட்டார்கள். விளக்கு வைத்த பிறகு எந்த வீட்டில் தயிரை வெளியே கொடுப்பார்கள்? இரண்டு வீட்டில் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினார்கள். மூன்றாவது வீட்டில் ஒருத்தி முணுமுணுத்துக்கொண்டே ஒரு கரண்டி ஊற்றினாள். அவமானத்தில் அவருக்குக் காது சூடாகிவிட்டது.

மறுநாள் விடிந்ததும் பானையைத் திறந்தார். தயிர் கட்டியாக உறைந்திருந்தது. முதல் கரண்டியை ஒரு சின்னச் சட்டியில் எடுத்து, தட்டால் மூடி, உறியில் வைத்தார். பிறகுதான் சோற்றில் ஊற்றிப் பிசைந்தார்.

இரண்டாம் நாளும் அப்படியே.

மூன்றாம் நாள் கூட்டம் தாங்கவில்லை. பானையை வழித்து வழித்துப் போட்டார். முந்தின நாள் முழுக்க ஏகாதசிப் பட்டினி கிடந்த அம்மா, எல்லோரும் போன பிறகு கடைசியாக வந்து உட்கார்ந்தார். இலையில் வெறுஞ்சோறுதான் இருந்தது.

"தயிர்?"

"தீந்து போச்சும்மா."

"உறியில இருக்கே."

"அது உறைக்கு."

"எனக்குப் பசிக்கி அண்ணாச்சி. அதை ஊத்துங்க."

ஆவுடைநாயகம் எழுந்துபோய் உறிக்கு முன்னால் நின்றுகொண்டார்.

"மாட்டேம்மா. வேற என்ன கேட்டாலும் தாரேன். அதைக் கேக்காதீங்க."

"மிஞ்சினதுதானே?"

அவருக்குக் கோபமே வந்துவிட்டது. முப்பது வருசம் பார்த்த தொழில்.

"மிஞ்சினதா? பந்தியில என்னைக்கும்மா தயிர் மிஞ்சிருக்கு? ஒரு இலை விழுறதுக்கு முன்னாலயே எடுத்து வச்சது இது. மொதக் கரண்டி! இதையும் வழிச்சுத் தின்னுட்டா, நாளைக்கு எத்தனை குடம் பால் வந்து என்ன பிரயோசனம்? பொழுதடைஞ்சதும் கிண்ணத்தை ஏந்திக்கிட்டு அடுத்தவன் வாசல்ல போய்..."

அவர் திரும்பி உறியைப் பார்த்தார்.

அம்மா சோற்றில் தண்ணீரை ஊற்றினார். ஒரு கல் உப்பைப் போட்டுப் பிசைந்தார்.

"சொல்லுங்கண்ணாச்சி" என்றார். "வாசல்ல போய்?"