நூலளவு வித்தியாசம்

ஈரோட்டு ஜவுளிக்கடை நாச்சிமுத்துவுக்கு, நிறம் பார்ப்பதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று நினைப்பு. அவருடைய காரில் ஒரு கதவின் உள்பக்க பிளாஸ்டிக், பின்னால் கொக்கி உடைந்து கடகடவென்று ஆடியது. பழைய சாமான் கடையில் கறுப்பில்தான் ஒன்று கிடைத்தது; அதை வாங்கிவந்து, ஒர்க்‌ஷாப் பெயின்டர் மயிலாத்தாவிடம் நீட்டினார்.

“பன்னண்டு வருச வெயில்ல வெளுத்த சந்தன நிறம். அதேதான் வரணும். நூலளவு வித்தியாசம் தெரிஞ்சாலும் உன்னை வேலையை விட்டுத் தூக்கச் சொல்லிருவேன்!”

“சரிங்க” என்றாள்.

மூன்றாம் நாள் வந்தவர், அங்கே விட்டுப்போன காருக்குள் தலையை விட்டதுமே கத்தினார். “இது என்ன நிறம்? புதுப் பெயின்டுன்னு பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியுமே!”

“அது உங்க பழசுங்க. நான் அடிச்சது அதோ, மேசை மேல இருக்குதுங்க. நீங்க பார்த்த பொறகு மாட்டலாம்னு வெச்சிருந்தேன்.”

அவள் பழசைக் கழற்றினாள். கொக்கிப் பக்கம் தெரியாதபடி இரண்டையும் வெயிலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

ஜாக்கெட் துணிக்கு மேட்சிங் பார்ப்பதுபோல நாச்சிமுத்து குந்திப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார். ஒர்க்‌ஷாப்பே வேலையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தது.

கடைசியில் குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

“இதுல நீ அடிச்சது எதும்மா?”