நில் என்று சொல்ல மறந்த காவலன்

வண்டும் மனிதரும் ஒரே மொழி பேசிய காலம் ஒன்று இருந்தது. அந்தக் காலத்தில், செம்பியூர் நாட்டில் கொடிமலர் என்றொரு பாடகி இருந்தாள். அவளுக்கு ஒரே தங்கை, மரிக்கொழுந்து.

மலைமேல் வசித்த தூமன் என்ற மாயாவி ஒருநாள் இறங்கி வந்தான். "இனிமேல் எனக்கு மட்டும்தான் பாடவேண்டும்" என்றான். கொடிமலர் முடியாது என்றாள். அவன் அவள் முகத்தில் கரும்புகையை ஊதினான்.

"உன் குரலை உன் உடம்பே அடைக்கட்டும்!"

அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை. சில மாதம் கழித்து அவள் தொண்டையில் ஒரு கட்டி வந்தது. கடுகளவு, சுண்டைக்காயளவு, எலுமிச்சையளவு என்று வளர்ந்தது. பாட்டு நின்றது, பேச்சு நின்றது, கஞ்சியும் இறங்காமல் போனது.

மூலிகை தேடிக் காட்டுக்குப் போன மரிக்கொழுந்து, சிலந்தி வலையில் மாட்டிய ஒரு பொன்வண்டை எடுத்துவிட்டாள்.

"உனக்கு என்ன வேண்டும், சொல்" என்றது வண்டு.

"அக்கா தொண்டைக்குள் ஒரு அரக்கன் இருக்கிறான். அவனைக் கொல்லவேண்டும்."

"அரக்கனா? முதலில் பார்ப்போம், ஏறு."

அவள் கையில் மூன்று துளி அமுதம் கொடுத்து, அவளைத் தூசியிலும் சிறியவளாக்கி, தானும் அதற்கேற்பச் சிறுத்து, அவளை முதுகில் ஏற்றிக்கொண்டு அக்காவின் தொண்டைக்குள் பறந்தது.

உள்ளே அரக்கன் இல்லை, ஓர் ஊர் இருந்தது. அந்த ஊரில் ஓர் ஆள் இரண்டு ஆளாகலாம். ஆனால் அதற்கு ஒரு வாசலைத் தாண்டவேண்டும். "புது ஆள் தேவையா? உன்னை நெய்த இழையெல்லாம் பழுதில்லாமல் இருக்கிறதா?" என்று வாசல் காவலன் கேட்கவேண்டும். சரியென்றால் 'போ', இல்லையென்றால் 'நில்'.

அங்கிருந்த காவலன் கண்ணில் புகை படிந்திருந்தது. அவன் எதையும் கேட்கவில்லை. "போ, போ, போ" என்றே சொல்லிக்கொண்டிருந்தான். ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, கூட்டம் மூச்சுக்குழாயை நெரித்தது.

"ஏன் இப்படிச் செய்கிறீர்கள்?" என்று மரிக்கொழுந்து அதட்டினாள்.

"எங்களை யாரும் நிற்கச் சொல்லவில்லையே" என்றான் கூட்டத்தில் ஒருவன். அவனும் அக்காவின் உடம்பில் பிறந்தவன்தான்.

அவள் காவலன் கண்ணில் ஒரு துளி விட்டாள். பார்வை வந்தது, "நில்!" என்றான். ஆனால் கொஞ்ச நேரத்தில் அவன் கரைந்துபோனான். காவலர்களின் ஆயுள் அவ்வளவுதான். அடுத்து வந்தவனும் குருடன். இரண்டாவது துளியும் அப்படியே வீணானது.

மூன்றாவது துளியை அவள் விடவில்லை. நின்று யோசித்தாள்.

"வண்டே, இந்தக் காவலர்கள் எங்கே உருவாகிறார்கள்?"

"அவர்களை வார்க்கும் அச்சில்."

"அங்கே கூட்டிப்போ."

அச்சில், கண் இருக்கவேண்டிய இடம் புகையில் வளைந்து கிடந்தது. கடைசித் துளியை அங்கே விட்டாள். அச்சு நிமிர்ந்தது. அதிலிருந்து வந்த காவலன் கண் திறந்து வாசலுக்கு நடந்தான்.

"தேவையா? இழை பழுதில்லையா? நில்!"

கூட்டம் நின்றது. இழை அறுந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்து, "நீ கலைந்து போகலாம்" என்றான். அவர்கள் சண்டை போடவில்லை, சத்தமில்லாமல் கலைந்தார்கள்.

கரும்புகை கொடிமலரின் வாய்வழியே வெளியேறி, மலையேறி, தன்னை ஊதியவன் தொண்டைக்குள் புகுந்தது. மந்திரம் சொல்லக் குரல் இல்லாமல், தூமன் அதற்குப்பின் வெறும் மனிதனாகவே இருந்தான்.

மரிக்கொழுந்து பழைய உருவத்தில் அக்காவின் பாயருகே நின்றாள். கொடிமலர் கண் விழித்து, எச்சில் விழுங்கிப் பார்த்தாள். இறங்கியது.

"பசிக்குதுடி" என்றாள்.