பாடசாலைச் சுவரும் இளந்திரையர் பாட்டும்

மணற்குடி அரசவையில் இளந்திரையர் என்றொரு கவி இருந்தார். விகடம் அவருக்குத் தானாக வரும். கவிதைதான் வராது. இது ஊருக்கே தெரியும். அவருக்கு மட்டும் தெரியாது. அவர் மனைவி கூடச் சொல்லிப் பார்த்துவிட்டு, பிறகு பாவம் என்று விட்டுவிட்டாள்.

ஒருநாள் வெற்றிவேள் மன்னர் கடுகடுத்த முகத்தோடு அவைக்கு வந்தார். அரண்மனைப் பாடசாலையில் திருநீறு பூசிய பிள்ளைகளும் திருமண் இட்ட பிள்ளைகளும் கிணற்றடியில் அடித்துக்கொண்டிருந்தார்கள். யார் வாளி முதலில் இறங்குவது என்று தகராறு. இரண்டு பேருக்கு மூக்கு உடைந்தது. வாளி கிணற்றோடு போயிற்று.

"பாடசாலைக்கு நடுவே சுவர் எழுப்புங்கள். இந்தப் பக்கம் சைவம், அந்தப் பக்கம் வைணவம்" என்றார் மன்னர்.

"கிணற்றுக்குள்ளும் ஒரு சுவர் இறக்கிவிடலாம் அரசே. தண்ணீர் கலந்துவிடப் போகிறது" என்றார் இளந்திரையர்.

"சிரிக்கிற நேரமா இது? என் தகப்பனார் காலத்தில் இரண்டு கோயில் ஊர்வலமும் தேரடியில் முட்டிக்கொண்டதில் எத்தனை உயிர் போயிற்று என்று உமக்குத் தெரியாதா?"

"தெரியும் அரசே. அன்று ஒருவரை ஒருவர் அடித்து வீழ்த்திய சைவர் விடங்கரும் வைணவர் வடமலையும் இன்று அண்ணன் தம்பி போல இருப்பதும் தெரியும். வைத்தியசாலையில் இருவரும் கிடந்தபோது அவர்களைச் சேர்த்துவைத்தது அடியேன் பாடிய அன்புமாலை என்ற பாட்டு. அவர்களைப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லக் கூப்பிடுவோம். பிறகு சுவர் எதற்கு?"

மன்னர் யோசித்தார். "சரி. நாளை பொழுது சாய்வதற்குள் இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும், யாரும் ஏவாமல், சேர்ந்து ஒரே ஒரு காரியம் செய்யட்டும். சுவர் வேண்டாம். செய்யாவிட்டால் முதல் செங்கல்லை நீர்தான் வைக்கவேண்டும்."

மறுநாள் பாடசாலைக் கூடத்தில் பிள்ளைகள் இடப்பக்கம் பாதி, வலப்பக்கம் பாதியாக உட்கார்ந்தார்கள். நடுவில் ஒரு யானை நடந்து போகலாம். மன்னர் மேல்மாடத்தில் அமர்ந்தார்.

கிழவர்கள் இருவரும் கைபிடித்து வந்தார்கள். விடங்கருக்கு முன்பல் இல்லை, வடமலை உடைத்தது. வடமலைக்கு இடது காது கேட்காது, விடங்கர் அடித்தது. விடங்கர் பேசுவது குழறும். வடமலை அவர் வாயைப் பார்த்துப் புரிந்துகொண்டு எடுத்துச் சொல்வார்.

"பல்லை உடைத்தவரே அவருக்காகப் பேசுகிறாரா?" என்று கேட்டான் சேந்தன் என்ற திருநீற்றுப் பையன்.

"வேறு யார் பேசுவது? உடைத்தவன் நான்தானே" என்றார் வடமலை.

வலப்பக்கத்திலிருந்து நம்பி என்பவன் எழுந்தான். "எப்படி ஐயா சமாதானம் ஆனீர்கள்?"

இளந்திரையர் அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டார். தம் பேர் வரப்போகிறது.

வந்தது.

விடங்கர் குழற, வடமலை சொன்னார்: "பக்கத்துப் பக்கத்துக் கட்டில். முகம் பார்க்கமாட்டோம். தினமும் இந்த இளந்திரையர் வந்து அன்பைப் பற்றிப் பாடுவார். எழுந்து ஓடவும் முடியாது. ஒருநாள் இவன் என்னைப் பார்த்தான். நான் இவனைப் பார்த்தேன். சமாதானம் ஆகிவிட்டோம் என்று சொல்லிவிடுவோமடா, இந்த ஆள் வரமாட்டார் என்றான். சொன்னோம். வரவில்லை."

கூடம் சிரித்தது. மேல்மாடத்திலும் ஒரு சிரிப்பு கேட்டது. இளந்திரையருக்கு அங்கேயே மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது. இத்தனை வருஷமாக அவர் மார்தட்டிச் சொன்ன கதை அது.

"அப்புறம்?" என்றான் சேந்தன்.

"அப்புறம் அறை அமைதியாகிவிட்டது. பேச ஆள் இவன் ஒருவன்தான். பேசினோம். தேரடியில் செத்தவர்களில் இவன் தம்பியும் ஒருவன். அவனை அடித்த கூட்டத்தில் நானும் நின்றேன்."

"அதை மறந்துவிட்டாரா?"

விடங்கர் தலையசைத்துக் குழறினார். வடமலை அவர் வாயைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "மறக்கவில்லையாம். நானும் மறக்கச் சொல்லவில்லை. தம்பி திதிக்கு இவன் வீட்டு வாசலில் போய் நிற்பேன். முதலில் கதவு திறக்கவில்லை. பிறகு திறந்தது."

கூடம் அடங்கிப்போயிற்று. ஆனால் இடப்பக்கம் இடப்பக்கமாகவே அடங்கியது. வலப்பக்கம் வலப்பக்கமாகவே. வெயில் தூணின் அடிக்கு வந்துவிட்டது; பொழுது சாய அதிக நேரமில்லை.

இளந்திரையருக்கு வேறு வழி தெரியவில்லை. எழுந்தார். "பிள்ளைகளே, அந்த அன்புமாலையை இப்போது பாடுகிறேன்" என்றார். உருக்கமாகவே பாடினார். பிள்ளைகள் நெளிந்தார்கள். கிழவர்கள் கண்ணை மூடிக்கொண்டார்கள். பாதியில் நம்பியும் சேந்தனும் ஒருவரை ஒருவர் பார்த்ததை இளந்திரையர் கண்டார். சட்டென்று நிறுத்தினார்.

"ஒரு சங்கதி. சுவர் எழும்பினால் வகுப்பு இரண்டாகிவிடும். பாட்டும் இரண்டு தரம். காலையில் அந்தப் பக்கம், மாலையில் இந்தப் பக்கம். தினமும் வருவேன்."

சொல்லிவிட்டு மறுபாதியைத் தொடங்கினார்.

நான்கு அடி போகவில்லை. சேந்தன் எழுந்து நடுவெளியைத் தாண்டினான். நம்பி பாதி வழியில் எதிரே வந்தான். குசுகுசுவென்று பேச்சு. மொத்தக் கூட்டமும் எழுந்து மேல்மாடத்துக்கு ஏறியது. எந்த நெற்றியில் எது என்று பிரித்துப் பார்க்க முடியாதபடி நெருக்கியடித்து நின்றது.

"அரசே, எங்கள் எல்லாருடைய விண்ணப்பம். சுவர் வேண்டாம். எந்த வாளி முதலில் என்பதை நாங்களே பேசிக்கொள்கிறோம். இவரை மட்டும் அனுப்பாதீர்கள்" என்றான் நம்பி.

"எல்லாரும் சேர்ந்தா கேட்கிறீர்கள்?"

"சேர்ந்துதான்" என்றான் சேந்தன்.

மன்னர் சுவர் வேலையை நிறுத்தச் சொன்னார். கீழே வந்து இளந்திரையருக்குப் பட்டுச் சால்வை போர்த்தினார்.

"உண்மையைச் சொல்லும். வேண்டுமென்றேதானே மோசமாகப் பாடினீர்?"

"இரண்டாம் பாதியை மட்டும் அரசே. முதல் பாதி மனமாரப் பாடியது."

"எங்களுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தானே கேட்டது?"

"அதுதான் அரசே, எனக்கு வருத்தம்" என்றார் இளந்திரையர்.