செங்கரட்டுக்கு ஒரு விமானம்

“மூணு மாசமா கேட்கிறேன், கேப்டன். எந்த விமானம் வாங்கட்டும்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டேங்கிறீங்க.”

கண் டாக்டர் கோதண்டபாணிக்கு ஐம்பத்தாறு வயது. அவருக்குப் பறக்கக் கற்றுக்கொடுத்த ஆக்னஸுக்கு இருபத்தொன்பது.

மலைக்கு அந்தப் பக்கம் செங்கரடு. மாதம் இருமுறை அங்கே போய்க் கண் ஆபரேஷன் செய்கிறார். ஜீப்பில் ஒன்பது மணி நேரம். மழை பிடித்தால் பாதையே இருக்காது. போன ஐப்பசியில் அவருக்காகக் காத்திருந்த ஒருவருக்குக் கண் போய்விட்டது. மறுவாரமே டாக்டர் விமானம் ஓட்டக் கற்க ஆக்னஸின் ஃப்ளையிங் கிளப்புக்கு வந்து நின்றார்.

“உங்களுக்கு எது பிடிச்சிருக்கு?”

படத்தை நீட்டினார். ஆறு இருக்கை. தோல் மெத்தை.

“விக்கிறவனுக்கு நாளைக்குள்ள பதில் சொல்லணும்.”

“யார் யார் உட்காருவாங்க?”

விரல் விட்டு எண்ணினார். “நான், வத்சலா, பெரியவன், மருமக, சின்னவன், மச்சான்.”

விமானக் கொட்டகை மூலையில் சரக்கு நிறுக்கும் தராசு இருந்தது. பக்கத்தில் மணல் மூட்டைகள். ஆக்னஸ் ஒரு சாக்பீஸை அவர் கையில் வைத்தாள்.

“ஆளுக்கு ஒரு மூட்டை. பேரை எழுதி ஏத்துங்க.”

வேர்க்க விறுவிறுக்க ஏற்றினார். மச்சானுக்கு ஒரு மூட்டை போதவில்லை.

“நானூத்தி அம்பத்தஞ்சு கிலோ,” என்றாள். “ஆளும் பெட்ரோலும் சேர்த்து இந்த விமானம் ஐந்நூறுதான் தூக்கும்.”

“ஆறு சீட்டு போட்டிருக்கானே?”

“உட்காரலாம், டாக்டர்.”

“மிச்சப் பெட்ரோலுக்கு எவ்வளவு தூரம் போகும்?”

“மலை வரைக்கும்.”

அவர் மச்சானை இறக்கினார்.

“கோவிச்சுக்குவார்.”

“தரையில நின்னுதானே கோவிச்சுக்குவார். பரவாயில்ல. சின்னவர் செங்கரட்டுக்கு எப்ப வந்தார்?”

“அவன் டொரான்டோவுல இருக்கான்.”

“மேடம்?”

“அவளுக்கு ஜீப்லயே தலை சுத்தும்.”

ஒவ்வொன்றாக இறங்கின. பெரியவன் பெயர் எழுதிய மூட்டையை மட்டும் இறக்கிய பிறகும் கீழே வைக்காமல் நின்றார்.

“அவனைப் பக்கத்துல உட்கார வச்சு ஒரு தடவையாவது ஓட்டணும், கேப்டன்.”

“ஒரு தடவைக்கு எங்க கிளப் விமானத்தை எடுத்துக்கோங்க.”

கொஞ்ச நேரம் கழித்து அதையும் கீழே வைத்தார். தராசில் அவர் பெயர் எழுதிய மூட்டை மட்டும் மிஞ்சியது.

“ஒத்தை ஆள் விமானமே போதும்போல,” என்றார் கசப்பாக.

“செங்கரட்டுல இறங்கி என்ன செய்வீங்க?”

“இதென்ன கேள்வி? ஆபரேஷன்.”

“எதை வச்சு?”

“மைக்ராஸ்கோப். அப்புறம் கத்தி, கத்தரி வச்ச பெட்டி…”

தராசைத் திரும்பிப் பார்த்தார்.

“யார் எடுத்துக் கொடுப்பாங்க?”

தரையில் கிடந்த மூட்டைகளின் பெயர்களை ஒருமுறை படித்தார். பிறகு போனை எடுத்து, பதினோரு வருடமாக ஜீப்பின் பின்சீட்டில் மைக்ராஸ்கோப் பெட்டியை மடியில் அணைத்தபடி வரும் நர்ஸின் எண்ணை அழுத்தினார்.

“செல்வராணி சிஸ்டர், தப்பா நினைக்காதீங்க. உங்க எடை எவ்வளவு?”