மாத்திரை விரதம்

மருதையனிடம் ஊரே மெச்சுகிற குணம் ஒன்று உண்டு. பொறுமை. கடைசியில் அதுவே அவருக்கு வினையாக வந்து சேர்ந்தது.

வலது கால் முட்டியை ஆபரேஷனில் மாற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்திருந்தார். வலி உயிரை எடுத்தது. ஆனாலும் மனுஷர் வாயைத் திறக்கவில்லை. டாக்டர் எழுதிக் கொடுத்த வலி மாத்திரையைத் தொடவும் இல்லை. பயிற்சி சொல்லித்தரும் பெண் வந்து காலைத் தொட்டால் போதும், தொடை இறுகிவிடும். முட்டி மடங்குவேனா என்றது.

"இப்படியே விட்டால் இறுகிப்போகும். அப்புறம் மயக்கம் கொடுத்துத்தான் மடக்கணும்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். மடத்துப் பந்தியில் குனிந்து குனிந்து பரிமாறிய அப்பா இனிக் கட்டிலோடுதானோ என்று மகள் கோமளவல்லி அழுதாள். அவருக்கும் உள்ளுக்குள் அதே பயம்தான்.

அவள் போய் மடத்துச் சாமியாரை அழைத்துவந்தாள். ஒத்த வயதுக்காரர்தான். ஆனாலும் மருதையனுக்கு அவர் குரு.

"எப்படி இருக்கே மருதையா?"

"உங்க புண்ணியத்துல குறையில்லை சாமி. டாக்டர் தெய்வம். என் மக ராப்பகலா பாத்துக்கறா. நெனச்சா நெஞ்சு நெறைஞ்சு போகுது." சொல்லும்போதே கண் கலங்கியது.

"மாத்திரை?"

"வேண்டாம்னுட்டேன். எனக்காக இத்தனை பேர் பாடுபடறாங்க. நான் வலியையாவது தாங்க வேண்டாமா? விரதமா எடுத்துக்கிட்டேன்."

"யாரைப் பாத்து இந்த விரதம்?"

"உங்களைப் பாத்துத்தான். போன வருஷம் உங்களுக்கு முட்டி மாத்தினப்போ மூச்சுக் காட்டலையாமே. மடமே சொல்லுது."

சாமியார் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"எவன்யா சொன்னது? நான் கத்தின கத்தல்ல பக்கத்து ரூம்காரர் வேற ரூம் கேட்டு வாங்கிட்டுப் போயிட்டார்!"

மருதையன் திகைத்துப்போனார். "அப்போ மாத்திரை?"

"ஒரு வேளை விடலை. முழுங்குவேன், கொஞ்ச நேரம் பொறுத்துக் காலை மடக்குவேன். அப்பவும் வலிக்கும். கத்துவேன்."

மருதையன் மகள் பக்கம் திரும்பினார்.

"கோமு, சாப்பிட ஏதாவது கொண்டா. அப்படியே அந்த மாத்திரையையும்" என்றார்.

பயிற்சிப் பெண் வரும்வரை சாமியாரும் கூடவே இருந்தார். அவள் வந்தபோது வலி சற்றுத் தணிந்திருந்தது. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டார். அவள் பதமாகப் பிடித்து மடக்கினாள்.

"அய்யோ! அம்மாடி!"

எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். முட்டி மடங்கியிருந்தது. கொஞ்சம்தான். ஆனால் மடங்கியிருந்தது. கோமளவல்லி அழுதுகொண்டே சிரித்தாள்.

மருதையன் இரண்டு கையையும் கூப்பினார். "சாமி, உங்க எல்லாருக்கும் இந்த நன்றியை நான் எப்படிச் செலுத்துவேன்?"

"கும்பிட்டது போதும்யா. கத்திக்கிட்டே இன்னும் கொஞ்சம் மடக்கு."