வாணவேடிக்கை வருமானம்

ஆறாவது வாய்தாவிலும் லாரி முதலாளி ஆவுடையப்பன் அதே புலம்பல்தான். "மாசம் ஏழாயிரம்தான் வருது ஐயா, மகளுக்கு ஜீவனாம்சம் கொடுக்க எங்கே போவேன்?" கேட்டுக் கேட்டு நீதிபதிக்கே காது புளித்துவிட்டது.

பிரிந்திருக்கும் மனைவி, தையல்காரி முப்பிடாதி, கும்பிட்டாள். "நம்பிட்டேன் ஐயா, பாவம். வருமானம் ஏழாயிரம்னு அவர் எழுதிக் கொடுத்த பத்திரத்துக்கு ஒரு நகல் மட்டும் தாங்க. ஊர்க் கோயில் கொடை விழாவில மைக்கில வாசிக்கச் சொல்லி, இவர் ஏழைன்னு இவர் தலைக்கட்டுக்குப் போட்ட கோயில் வரியைக் குறைச்சுக் கேக்கேன்."

"யாருட்டி ஏழை?" எகிறினார் ஆவுடையப்பன். "இந்த வருஷ வாணவேடிக்கை மொத்தமும் என் செலவு! ரெண்டு லட்சம்!"

அவருடைய வக்கீல் தலையில் கைவைத்தார்.

"நகல் வேண்டாம் ஐயா," என்றாள் முப்பிடாதி. "இப்போ சொன்னதை எழுதிக்கிட்டாப் போதும்."